இன்ட்ரஸ்ட்: வட்டியா, ஆர்வமா, வேறேதாவதா?

நான் செய்வது மொழிபெயர்ப்பைச் சரிபார்க்கும் வேலை. இயந்திரம் ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கித் தந்ததை மூலத்தோடு ஒத்துப் பார்த்து, திருத்தி அனுப்ப வேண்டும். அப்படி ஒருமுறை வந்தது, ஏதோ ஒரு சங்கத்தின் நிர்வாகக் குழுவுக்கான நடத்தை விதிகள். அதில் இப்படி ஒரு வரி: "பேசப்படும் ஒப்பந்தத்தில் ஓர் உறுப்பினருக்கு ஆர்வம் இருந்தால், அவர் தன் ஆர்வத்தை அறிவித்துவிட்டு அறையை விட்டு வெளியேற வேண்டும்."

ஆர்வம் இருப்பவரை எதற்கு வெளியே அனுப்புகிறார்கள்? மூலத்தைப் பார்த்தால் 'டிக்ளேர் அன் இன்ட்ரஸ்ட்' என்று இருந்தது. ஒப்பந்தம் உறுப்பினரின் மைத்துனர் கம்பெனிக்குப் போகவிருக்கிறது என்று வையுங்கள். அந்தத் தொடர்பை அவர் முன்கூட்டியே சொல்லிவிட்டு, முடிவெடுக்கும்போது ஒதுங்கிக்கொள்ள வேண்டும். விதி சொல்வது அவ்வளவுதான். தமிழ் வாக்கியத்தில் இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. அதுதான் சிக்கல். கண்ணை உறுத்தாத பிழையை யாரும் திருத்த மாட்டார்கள்.

இரண்டு பக்கம் தள்ளி 'கான்ஃபிளிக்ட் ஆஃப் இன்ட்ரஸ்ட்' வந்தது. இயந்திரம் அதற்கு "வட்டி மோதல்" என்று போட்டிருந்தது. இது பரவாயில்லை, படித்த உடனே சிரிப்பு வந்துவிடும். நல முரண் என்று மாற்றிவிட்டு மேலே போனேன். ஆனால் ஒரே கோப்பில் ஒரே சொல் ஓரிடத்தில் ஆர்வம், ஓரிடத்தில் வட்டி, இரண்டும் தவறு என்றதும் அந்தச் சொல்லை விட மனம் வரவில்லை. அதன்பிறகு எந்தக் கோப்பில் 'இன்ட்ரஸ்ட்' வந்தாலும் அந்த வாக்கியத்தை முழுதாக எடுத்து ஒரு நோட்டில் எழுதிவைக்க ஆரம்பித்தேன். கீழே இருப்பது பெரும்பாலும் அந்த நோட்டிலிருந்து எடுத்ததுதான்.

முதலில் ஒன்று. தமிழ் பேசுகிறவர்களுக்கு இந்தச் சொல் புதிதே இல்லை. "படிக்கவே இன்ட்ரஸ்ட் இல்ல", "இன்ட்ரஸ்ட்டா கேட்டான்" என்று நாள் முழுக்கச் சொல்கிறோம். நம் பேச்சுக்குள் வரும்போது இதன் பொருள் சுருங்கி, ஆர்வம் அல்லது மனமிருப்பது என்ற ஒன்றில் நின்றுவிட்டது. கடன் வாங்கியவர்களுக்கு மட்டும் வட்டி என்ற இன்னொன்றும் தெரியும். தெரியாத ஆங்கிலச் சொல் வந்தால் அகராதியைத் திறக்கிறோம், இதற்குத் திறப்பதில்லை. என் அனுபவத்தில் கடினமான சொற்களைவிட, தமிழுக்குள் ஏற்கனவே குடிவந்துவிட்ட இந்த மாதிரி எளிய சொற்கள்தான் அதிகம் காலை வாரிவிடுகின்றன.

அகராதியைத் திறந்து பார்த்தால் பொருள்கள் வரிசையாகக் கிடக்கும். ஆர்வம், வட்டி, நலன், பங்கு, சட்ட உரிமை, தனக்கு லாபமோ நஷ்டமோ வரக்கூடிய தொடர்பு. இதை மனப்பாடம் செய்து பயனில்லை, வாக்கியத்தில் எது என்று எப்படித் தெரியும்? எனக்குக் கைகொடுத்தது அக்கம்பக்கத்துச் சின்னச் சொற்கள். இந்தப் பெயர்ச்சொல்லின் பொருளை முடிவுசெய்வது பெரும்பாலும் அதற்கு முன்னும் பின்னும் நிற்கும் இன், ஆன், ஆஃப், அன், கடைசியில் ஒட்டும் ஸ் ஆகியவைதான்.

'ஆன்' வந்தால் பணம். 'இன்ட்ரஸ்ட் ஆன் த லோன்', 'இன்ட்ரஸ்ட் ஆன் த டெபாசிட்' இரண்டும் வட்டியே. 'இன்' வந்தால் ஆர்வம், இல்லையென்றால் பங்கு. நம்மவர்கள் தவறுவது இங்கேதான். "இசை மேல் ஆர்வம்" என்று மனதில் ஓடும், 'மேல்' என்பது 'ஆன்' ஆகிவிடும், 'ஐ ஹாவ் இன்ட்ரஸ்ட் ஆன் மியூசிக்' என்று வாயில் வந்துவிடும். ஆங்கிலம் பேசுகிறவருக்கு நாம் சொல்வது புரிந்துவிடும், சந்தேகமில்லை. ஆனால் எழுத்தில் பார்த்தால் இசைக்கு வட்டி வசூலிப்பது போல இருக்கும்.

இதற்கு ஒரு வழி தமிழிலேயே இருக்கிறது. "இசை மேல் ஆர்வம்" என்றும் சொல்கிறோம், "இசையில் ஆர்வம்" என்றும் சொல்கிறோம். இரண்டாவதைப் பிடித்துக்கொள்ளுங்கள். 'இசையில்' என்று நினைத்தால் 'இன் மியூசிக்' தானாக வரும். வட்டியைப் பற்றிப் பேசும்போது "கடன் மீதான வட்டி" என்று நினைத்தால் 'ஆன்' தானாக வரும். இல் என்றால் இன், மீது என்றால் ஆன். எல்லாச் சொல்லுக்கும் இந்தக் கணக்கு ஒத்துவராது, இந்தச் சொல்லுக்கு ஒத்துவருகிறது.

இன், ஆன் வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதற்கு என் நோட்டில் இருக்கும் ஒரு ஜோடி: '30 பர்சென்ட் இன்ட்ரஸ்ட் ஆன் த லோன்', 'அ 30 பர்சென்ட் இன்ட்ரஸ்ட் இன் த கம்பெனி'. முதலாவதில் நீங்கள் கடன்காரர், கடனுக்கு முப்பது விழுக்காடு வட்டி கட்டுகிறீர்கள். இரண்டாவதில் நீங்கள் பங்குதாரர், கம்பெனியில் முப்பது விழுக்காடு உங்களுடையது. எண் அதே எண்தான். இரண்டாவதற்கு முன்னால் நிற்கும் 'அ' என்பதையும் கவனியுங்கள். வட்டிக்கு அது வராது, வட்டியை ஆங்கிலம் எண்ணுவதில்லை. 'அன் இன்ட்ரஸ்ட்' என்றோ 'இன்ட்ரஸ்ட்ஸ்' என்றோ கண்டால் அது வட்டி இல்லை என்று பெரும்பாலும் முடிவுசெய்யலாம். 'சிம்பிள்' என்றாலும் 'காம்பவுண்ட்' என்றாலும், தனி வட்டியோ கூட்டு வட்டியோ, குட்டி போட்டு எவ்வளவு பெருகினாலும் ஒருமைதான். கற்போருக்கான ஆங்கில அகராதிகளில் ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் சி அல்லது யு என்று ஓர் எழுத்து இருக்கும். எண்ணத்தக்கதா, எண்ண முடியாததா என்று அது சொல்கிறது. பலர் அந்த எழுத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். இந்தச் சொல்லுக்குப் பாதி விடை அதில்தான் இருக்கிறது.

ஆர்வம் என்ற பொருளில் வரும்போது 'அன்' விஷயம் கொஞ்சம் படுத்தும். 'டேக் அன் இன்ட்ரஸ்ட்' என்பார்கள், ஆனால் 'லூஸ் இன்ட்ரஸ்ட்' என்பதற்கு 'அன்' கிடையாது. 'ஷோ இன்ட்ரஸ்ட்' என்றும் வரும், 'ஷோ அன் இன்ட்ரஸ்ட்' என்றும் வரும். நடுவில் ஒரு பெயரடை நுழைந்தால், உதாரணமாக 'அ கீன் இன்ட்ரஸ்ட்' என்றால், 'அ' பெரும்பாலும் கட்டாயம். இதற்கெல்லாம் விதி தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம் என்பது என் கருத்து. வினையோடு சேர்த்து முழுத் தொடராக வாயில் ஏற்றிக்கொள்வதே சுலபம். ஆர்வம் காட்டினான், ஆர்வம் கொண்டான், ஆர்வம் இழந்தான் என்று தமிழிலும் ஒவ்வொன்றுக்கும் தனி வினைதானே, யாராவது விதி சொல்லியா கற்றோம்?

கடைசியில் 'ஸ்' ஒட்டினால் பொருள் இரண்டு பக்கம் போகும். சுயவிவரக் குறிப்பின் அடியில் 'இன்ட்ரஸ்ட்ஸ்' என்று தலைப்பிட்டு, வாசிப்பு, செஸ், மலையேற்றம் என்று எழுதுகிறோமே, அது பொழுதுபோக்கு, விருப்பங்கள். அரசியல் கட்டுரையிலோ சட்டத்திலோ வந்தால் நலன்கள். பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சராக இருந்த பாமர்ஸ்டன் 1848-இல் நாடாளுமன்றத்தில் பேசியது பலருக்கும் தெரிந்திருக்கும். நமக்கு நிரந்தர நண்பரும் இல்லை, நிரந்தரப் பகைவரும் இல்லை, நம் நலன்களே நிரந்தரம் என்பது அதன் சாரம். அந்த நலன்களுக்கு அவர் சொன்ன சொல் 'இன்ட்ரஸ்ட்ஸ்'. அங்கே ஆர்வங்கள் என்று போட்டால் ஒரு பேரரசின் வெளியுறவுக் கொள்கை பொழுதுபோக்குப் பட்டியல் ஆகிவிடும். ஐ.நா.வின் 1989-ஆம் ஆண்டுக் குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் மூன்றாம் பிரிவில் 'பெஸ்ட் இன்ட்ரஸ்ட்ஸ் ஆஃப் த சைல்ட்' என்று வருகிறது. குழந்தையைக் குறித்து எந்த முடிவெடுத்தாலும் அதன் உச்ச நலனை முதன்மையாகக் கருத வேண்டும் என்பது அந்தப் பிரிவு. "குழந்தையின் சிறந்த ஆர்வங்கள்" என்று இயந்திரம் போட்டதை நான் பார்த்திருக்கிறேன். குழந்தைக்கு ஐஸ்கிரீமில் ஆர்வம் இருக்கலாம், தடுப்பூசியில் நலன் இருக்கலாம். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, அந்தச் சட்டம் இருப்பதே அதற்காகத்தான்.

'இன் த இன்ட்ரஸ்ட் ஆஃப்' என்று தொடராக வந்தால் தமிழாக்குவது மிகச் சுலபம், நம்மிடம் 'கருதி' இருக்கிறது. 'இன் த இன்ட்ரஸ்ட் ஆஃப் சேஃப்டி' என்றால் பாதுகாப்பு கருதி. 'இன் த இன்ட்ரஸ்ட் ஆஃப் டைம்' என்றால் நேரம் கருதி. மேடையில் பேச்சாளருக்குத் துண்டுச்சீட்டு கொடுப்பவர்கள் இதைத்தான் எழுதிக் கொடுப்பார்கள். 'நேரத்தின் நலனுக்காக' என்று எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபமே வரும்.

'ஆஃப்' முன்னால் நின்று 'ஆஃப் இன்ட்ரஸ்ட்' என்று முடிந்தால் கவனிக்கத்தக்கது என்று பொருள். 'பிளேசஸ் ஆஃப் இன்ட்ரஸ்ட்' என்றால் பார்க்க வேண்டிய இடங்கள். வரைபடச் செயலிகளில் 'பாயிண்ட் ஆஃப் இன்ட்ரஸ்ட்' என்பது பெட்ரோல் பங்க், மருத்துவமனை, கோயில் என எதுவாகவும் இருக்கலாம், சுவாரசியமாக இருக்க வேண்டும் என்று அவசியமில்லை. ஆனால் 'பெர்சன் ஆஃப் இன்ட்ரஸ்ட்' என்று வந்தால் உஷாராக இருங்கள். அது போலீஸ் பேச்சு. ஒரு குற்றம் தொடர்பாக விசாரிக்க விரும்பும் நபர். குற்றம் சாட்டப்பட்டவர் இல்லை, கைதானவரும் இல்லை, ஆனால் காவல்துறையின் கண் அவர் மேல் இருக்கிறது. ஒருவரைப் பாராட்டுவதாக நினைத்து அப்படி எழுதிவிட்டால் வம்புதான்.

இத்தனை பொருளும் ஒரே சொல்லுக்குள் எப்படி வந்து சேர்ந்தன? லத்தீனில் 'இன்டர்' என்றால் இடையில், 'எஸ்ஸே' என்றால் இருத்தல். இரண்டும் சேர்ந்த 'இன்டரெஸ்ஸே' என்பதற்கு இடையில் இருப்பது, அதிலிருந்து ஒருவருக்கு முக்கியமாவது, அவரைப் பாதிப்பது என்ற பொருள்கள். இடைக்கால ஐரோப்பாவில் கடனுக்கு வட்டி வாங்குவதைத் திருச்சபை பாவம் என்று தடுத்தது. 'யூஷுரா' என்பது அந்தப் பாவத்தின் பெயர். ஆனால் கடன்பட்டவர் சொன்ன நாளில் திருப்பித் தராமல் கொடுத்தவருக்கு நஷ்டம் வந்தால், அந்த நஷ்டத்துக்கு ஈடு கேட்கலாம் என்று சட்ட அறிஞர்கள் ஒப்புக்கொண்டார்கள். ஒழுங்காகத் திரும்பி வந்திருந்தால் அவர் எங்கே இருந்திருப்பார், இப்போது எங்கே இருக்கிறார், இந்த இரண்டுக்கும் இடையில் உள்ள வித்தியாசமே 'இன்டரெஸ்ஸே'. கடன் கொடுத்தவர்கள் அந்த வாசலைச் சும்மா விடுவார்களா? நஷ்ட ஈடு மெல்ல மெல்ல வட்டியானது. இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி காலத்துச் சட்டம் ஒன்று 1545-இல் பத்து விழுக்காடு வரை வாங்கலாம் என்றது. 1552-இல் அதை ரத்து செய்தார்கள், 1571-இல் திரும்பவும் கொண்டுவந்தார்கள்.

இந்தக் கதை தெரிந்த பிறகு எனக்கு வேலை எளிதானது. வட்டி, பங்கு, நலன், ஆர்வம் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே கேள்விதான் ஓடுகிறது: இதில் இவருக்கு என்ன? "அவனுக்கு இதில் என்ன அக்கறை?" என்று தமிழில் கேட்கும்போது, ஆர்வமா ஆதாயமா என்று பிரிக்காமல் இரண்டையும் சேர்த்தே சந்தேகப்படுகிறோம். லத்தீன் வேருக்கு மிகப் பக்கத்தில் நிற்கும் தமிழ்ச் சொல் அக்கறைதான் என்று எனக்குத் தோன்றும். எல்லா இடத்திலும் அதைப் போட முடியாது என்பது வேறு விஷயம்.

காப்பீட்டில் வரும் 'இன்ஷூரபிள் இன்ட்ரஸ்ட்' இந்தக் கேள்விக்கு நல்ல உதாரணம். பதினெட்டாம் நூற்றாண்டு பிரிட்டனில் முன்பின் தெரியாதவர்களின் உயிர் மேல் காப்பீடு எடுத்து, அவர்கள் எப்போது சாவார்கள் என்று பந்தயம் கட்டினார்கள். அதைத் தடுக்க 1774-இல் ஒரு சட்டம் போட்டார்கள். அந்த உயிர் போனால் உங்களுக்கு உண்மையாகவே இழப்பு உண்டா? உண்டென்றால்தான் காப்பீடு எடுக்கலாம். 'இன்ட்ரஸ்ட்' என்பது இங்கே அந்த இழப்புக்கு ஆளாகும் நிலை. ஒருவருடைய சாவில் எனக்கு எவ்வளவு ஆர்வம் இருந்தாலும், சட்டப்படி எனக்கு அதில் 'இன்ட்ரஸ்ட்' கிடையாது.

இதே இழையில்தான் 'டிஸ்இன்ட்ரஸ்டட்', 'அன்இன்ட்ரஸ்டட்' என்ற இரட்டையரும் வருகிறார்கள். முதலாவது, தனக்கு லாப நஷ்டம் இல்லாதவர், அதனால் நடுநிலையானவர். இரண்டாவது, ஆர்வமே இல்லாதவர். வழக்கைக் கேட்கும் நீதிபதி முதல் ரகமாக இருக்க வேண்டும், இரண்டாம் ரகமாக இருந்தால் தூங்கிவிடுவார். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே இரண்டையும் மாற்றி எழுதுகிறார்கள், அதனால் படிக்கும்போது சூழலைப் பார்த்து முடிவு செய்யுங்கள். நீங்கள் எழுதும்போது நடுநிலை என்று சொல்ல வேண்டுமானால் 'இம்பார்ஷியல்' என்று போட்டுவிடுங்கள், வம்பே இல்லை. 'இன்ட்ரஸ்டட் பார்ட்டி' என்பதும் இப்படித்தான். ஆர்வமுள்ள கட்சி இல்லை, முடிவால் பாதிக்கப்படக்கூடியவர்.

தினமும் பார்த்துக்கொண்டே கடந்துபோகும் ஒன்றைச் சொல்கிறேன். இணையத்தில் ஏதாவது தளத்தைத் திறந்தால் குக்கீகளுக்கு அனுமதி கேட்டு ஒரு பெட்டி எழும்பும். அதில் விவரங்களை விரித்தால் சில தளங்களில் 'லெஜிட்டிமேட் இன்ட்ரஸ்ட்' என்ற தலைப்பில் ஒரு பட்டியல் இருக்கும், பொத்தான்கள் ஏற்கனவே போடப்பட்ட நிலையில். 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதிகளின் ஆறாம் பிரிவில் வரும் சொல் அது. உங்கள் ஒப்புதல் இல்லாமலேயே உங்கள் தரவைக் கையாள நிறுவனம் காட்டக்கூடிய காரணங்களில் ஒன்று, தனக்கோ வேறொருவருக்கோ நியாயமான நலன் இருக்கிறது என்பது. அந்தக் காரணம் உங்கள் உரிமைகளை மீறிப் போகக் கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. இதை "முறையான ஆர்வம்" என்று படித்தால், நமக்குப் பிடித்த செய்திகளைக் காட்டத்தான் கேட்கிறார்கள் போல என்று தோன்றும். அங்கே பேசப்படுவது நம்முடைய ஆர்வமே இல்லை, அவர்களுடைய நலன். அதே தளத்தின் விளம்பர அமைப்புகளில் 'யுவர் இன்ட்ரஸ்ட்ஸ்' என்று இருந்தால் மட்டும் அது நம் விருப்பங்கள்.

பணத்தைப் பற்றிப் பேசாத இடத்திலும் வட்டி வரும், அதுவும் நமக்குப் பழக்கமானதே. பட்ட அவமானத்தை ஒருவர் 'வித் இன்ட்ரஸ்ட்' திருப்பிக் கொடுத்தார் என்று ஆங்கிலத்தில் எழுதினால், வட்டியும் முதலுமாகக் கொடுத்தார் என்று பொருள். 'வித் கிரேட் இன்ட்ரஸ்ட்' என்று நடுவில் ஒரு சொல் வந்துவிட்டாலோ, மிகுந்த ஆர்வத்தோடு.

உச்சரிப்பைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. எழுத்தைப் பார்த்து இன்-ட-ரெஸ்ட் என்று நடுவில் அழுத்துகிறார்கள் சிலர். அழுத்தம் முதல் அசையில், மீதியைச் சுருட்டி 'ட்ரஸ்ட்' என்று முடித்துவிடலாம். 'இன்ட்ரஸ்டிங்' என்பதற்கும் அப்படியே.

நோட்டைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: சொல், எதிரே பொருள் என்று இரண்டு பத்தி போட்டு எழுதாதீர்கள். நான் இடது பக்கம் ஆங்கில வாக்கியத்தை வெட்டாமல் எழுதி, சின்னச் சொல்லை மட்டும் வட்டமிடுவேன். வலது பக்கம் அந்த இடத்தில் தமிழன் ஒருவன் வாய்விட்டு என்ன சொல்லுவானோ அதை எழுதுவேன். 'எக்ஸ்பிரஷன் ஆஃப் இன்ட்ரஸ்ட்' என்பதற்கு எதிரே "விருப்பம் தெரிவித்தல், ஒப்பந்தப்புள்ளிக்கு முந்தின படி" என்று இருக்கும். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போதும் அந்த நோட்டு உதவும். ஈடுபாடு, பற்று, நாட்டம், அக்கறை எல்லாவற்றுக்கும் 'இன்ட்ரஸ்ட்' என்று ஒரே சொல்லைப் போட்டு நிரப்பும் பழக்கம் அதனால் குறையும். ஈடுபாட்டோடு வேலை செய்கிறவரை ஆங்கிலத்தில் 'கமிட்டட்' என்றால்தான் அவர் செய்யும் உழைப்பு தெரியும், 'இன்ட்ரஸ்டட்' என்றால் அவர் இன்னும் வேலையைத் தொடங்கவே இல்லை என்று தோன்றும்.

நோட்டில் வெகுநாள் வலது பக்கம் காலியாகவே இருந்த ஒரு வரி உண்டு: 'ரைட், டைட்டில் அண்ட் இன்ட்ரஸ்ட்'. சொத்து ஆவணங்களில் மூன்றும் கைகோத்துக்கொண்டு வரும். இங்கே ஆர்வமும் பொருந்தாது, வட்டியும் பொருந்தாது, நலன் என்று போட்டால் பத்திரம் பத்திரமாக இருக்காது. பழைய தமிழ்ப் பத்திரங்களைப் புரட்டியபோது கிடைத்த சொல் பாத்தியதை. ஒரு சொத்தில் ஒருவருக்கு இருக்கும் எந்த விதமான பிடிமானத்தையும் அது அடக்கிக்கொள்கிறது, 'இன்ட்ரஸ்ட்' அங்கே செய்யும் வேலையும் அதுதான். இந்தக் காலத்தில் யாருக்குப் புரியும் என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டார். கேட்டது நியாயம்தான். பத்திரம் என்றால் பாத்தியதை, பொதுமக்கள் படிக்கும் விளக்கக் கையேடு என்றால் "வேறு எந்த உரிமைத் தொடர்பும்" என்று இரண்டையும் எழுதிவைத்திருக்கிறேன்.